மூன்று வயர் பேஸ்மேக்கரும் எக்கோவும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ கட்டிலில் இடப்பக்கம் கிறுகிப் படுத்த பிறகுதான் பலருக்குக் கேள்வி வரும். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கக் கூச்சம், வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவசரம். என்னிடம் வந்தால் அரை மணித்தியாலம் இருட்டறையில் கிடக்க வேண்டும், வாய் சும்மா இருக்காது. ஈசிஜியும் (இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் பதிவது) எக்கோவும் (இதயத்தை ஒலியால் படமெடுப்பது) எடுப்பது என் தொழில். இதயப் பலவீனத்துக்கு வைக்கும் மூன்று வயர் பேஸ்மேக்கர் பற்றி நோயாளரும் அவர்களோடு வந்தவர்களும் கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. குளிசையைக் கூட்டுவது, குறைப்பது, கருவி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் இதய நிபுணர் சொல்ல வேண்டியவை.

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதியிருக்கிறார்கள். இதயம் நிற்கப் போகிறதா?

இல்லை. அந்தப் பெயர்தான் ஆளைப் பயமுறுத்துகிறது. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை என்பதுதான் பொருள். அதனால்தான் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் களைக்கிறது. பழைய மாரடைப்பு, நெடுநாள் பிரஷர், வால்வுக் கோளாறு, சாராயம், சில வைரஸ் காய்ச்சல் என்று காரணம் பல. காரணமே பிடிபடாத ஆட்களும் உண்டு.

இஎஃப் 25 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அப்படியென்றால் 75 வீதம் பழுதா?

இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. நூறுக்கு நூறு யாருக்குமே கிடையாது. இதயவறை, அதாவது இதயத்தின் கீழறை, நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை வீதம் வெளியே போகிறது என்பதுதான் இஎஃப். சுகமான இதயத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 வரை இருக்கும். 120 மில்லிலீற்றர் நிரம்பி 70 வெளியே போனால் இஎஃப் 58. மிச்சம் 50 உள்ளேயே நிற்கும், அது இயல்பு.

பலவீனமான இதயம் பெருத்துவிடும். 200 மில்லிலீற்றர் நிரம்பி 50 மட்டும் வெளியே போனால் இஎஃப் 25. ஆகவே உங்களுடைய 25-ஐ 60-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள், 100-உடன் வேண்டாம்.

போன மாதம் ஒரு இடத்தில் 30, இந்த மாதம் இன்னொரு இடத்தில் 25. எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எக்கோவில் இதயத்தின் ஓரத்தை ஒரு ஆள் பார்த்துக் கோடு போட்டுத்தான் கணக்கு வருகிறது. படம் தெளிவில்லாவிட்டால், மெஷின் மாறினால், கோடு போடும் ஆள் மாறினால் ஐந்து புள்ளி அங்கே இங்கே போகும். சிலர் கோடே போடாமல் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதும் உண்டு. பழகிய கண்ணென்றால் அதுவும் பெரிய பிழை வராது. ஆனால் 35 என்ற எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கருவி பற்றி முடிவெடுக்கும் நேரத்தில் கோடு போட்டு அளந்த எண்தான் வேண்டும், கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முதல் எக்கோவையும் அடுத்ததையும் ஒரே இடத்தில் எடுங்கள்.

சாதாரண பேஸ்மேக்கரும் இதுவும் ஒன்றுதானே?

பெட்டி ஒரே மாதிரித்தான் தெரியும், வேலை வேறு. சாதாரண பேஸ்மேக்கர் இதயம் மெதுவாகத் துடிப்பதற்கு வைப்பது. 1958-இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள் முதன்முதலாக வைத்ததும் அதற்காகத்தான். அவர் அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். இந்தச் செய்தியைக் கேட்டதும் கட்டிலில் படுத்திருப்பவரின் முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மூன்று வயர் கருவியை சிஆர்டி என்பார்கள். இதன் நோக்கம் வேகம் இல்லை, ஒற்றுமை. ஒரு வயர் வலது சோணையறைக்கும் (மேலறை) ஒன்று வலது இதயவறைக்கும் போகும். மூன்றாவது, இதயத்தின் பின்பக்கத்து நாளம் வழியாகப் போய் இடது இதயவறையின் வெளிச் சுவரில் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் 'இழு' என்று சொல்ல அந்த மூன்றாவது வயர் வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளையும் இப்படிச் சேர்த்துத் தூண்டிய முதல் முயற்சி 1994-இல் பிரான்சிலிருந்து வெளியானது.

ஒற்றுமை இல்லை என்றால் என்ன? இதயம் ஒன்றுதானே, எப்படித் தனித்தனியாக அடிக்கும்?

கல்லடியிலோ பாசிக்குடாப் பக்கத்திலோ கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்திருக்கும். அம்பா பாட்டு எழும்ப, பாட்டின் அடிக்கு அடி இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்கும். பாட்டு ஒரு கூட்டத்துக்குக் கேட்காமல் போனதென்று வையுங்கள். இவர்கள் இழுத்து முடித்துக் கயிற்றைத் தளர்த்தும் நேரத்தில்தான் அவர்கள் இழுக்கத் தொடங்குவார்கள். இரண்டு பக்கமும் மூச்சு வாங்கும், வலை கோணிக்கொண்டு போகும், மீனும் போய்விடும்.

இதயத்துக்குள் அம்பா என்பது மின்சாரம். அது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிக் கிளையாகப் போகிறது. இடக்கிளை அடைபட்டால், எல்பிபிபி என்று ஈசிஜியில் எழுதுவார்களே, அதுதான், மின்சாரம் முதலில் வலப்பக்கம் போய் அங்கிருந்து தசை வழியாக ஊர்ந்து இடப்பக்கம் வரும். இடது இதயவறையில் நடுச்சுவர் முந்திச் சுருங்கிவிடும். எதிரே இருக்கும் வெளிச்சுவர் பிந்திச் சுருங்கும். அது சுருங்கும்போது நடுச்சுவர் தளர்ந்துபோய் எதிர்ப்பக்கம் தள்ளுப்படும். வெளியே போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு உள்ளேயே அலையடிக்கும். மைட்ரல் வால்வை இழுத்துப் பிடிக்கும் தசைகளும் நேரம் தவறுவதால் வால்வு கசியத் தொடங்கும்.

எக்கோ திரையில் இது அப்படியே தெரியும். துடிப்பின் தொடக்கத்தில் நடுச்சுவர் சட்டென்று ஒரு வெட்டு வெட்டும். இதயத்தின் நுனி ஊஞ்சல் மாதிரி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும். ஒரு தடவை காட்டினால் படிக்காதவருக்கும் விளங்கிவிடும். வாழைச்சேனையில் கரைவலைத் தொழில் செய்த ஒரு ஐயா திரையைப் பார்த்து, "தம்பி, அந்தப் பக்கத்தான் பிந்துறான்" என்றார். டொக்டர் எழுதிய பந்தியைவிட அது தெளிவாக இருந்தது.

அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதென்றால் எக்கோவைப் பார்த்தே யாருக்குக் கருவி வேண்டும் என்று சொல்லலாமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள். உலகம் முழுவதும் எக்கோ பார்ப்பவர்கள் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். என் தொழில்தான், நானும் ஆசைப்பட்டேன். நடந்தது வேறு.

2005-இல் வெளிவந்த கெயார்-எச்எஃப் ஆய்வில் 813 பேர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 வீதம் பேரும், மருந்தோடு சிஆர்டியும் வைத்தவர்களில் 20 வீதம் பேரும் இறந்திருந்தார்கள். சராசரியாக 29 மாதம் கவனித்த கணக்கு இது. அந்த ஆய்வில், ஈசிஜியில் கியூஆர்எஸ் அலையின் அகலம் (மின்சாரம் இதயவறைகளில் பரவ எடுக்கும் நேரம்) 120-க்கும் 149 மில்லிசெக்கனுக்கும் இடையில் இருந்தவர்களைச் சேர்க்க எக்கோவிலும் நேர வித்தியாசம் தெரிய வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பொதுவாகவே கருவி வைத்தும் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் இருந்தது. அப்போ எக்கோவில் நன்றாக அளந்து ஆளைத் தேர்ந்தால் அந்த ஒருவரை முன்பே விலக்கலாம் என்று எல்லாரும் நினைத்தது நியாயம்தான்.

அதைச் சோதிக்க ப்ரொஸ்பெக்ட் ஆய்வு வந்தது, 2008-இல். 53 மையங்கள், 498 நோயாளர், 12 விதமான எக்கோ அளவுகள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட, இவருக்குப் பலிக்கும், இவருக்குப் பலிக்காது என்று நம்பிச் சொல்லும் அளவுக்கு நிற்கவில்லை. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வந்தது. எங்கள் தொழிலுக்கு அது நல்ல குட்டு.

அப்புறம் 2013-இல் எக்கோ-சிஆர்டி. ஈசிஜி அகலம் 130-க்குக் குறைவு, ஆனால் எக்கோவில் மட்டும் ஒற்றுமைக் குறைவு தெரிகிறது, அப்படிப்பட்ட 809 பேருக்குக் கருவி வைத்து, பாதிப் பேருக்கு அதை ஓட விட்டார்கள், பாதிப் பேருக்கு நிறுத்தி வைத்தார்கள். ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. கருவி ஓடியவர்களில் 11.1 வீதம் பேர் இறந்திருந்தார்கள், நிறுத்தி வைத்தவர்களில் 6.4 வீதம் பேர். எக்கோவை மட்டும் நம்பி வைத்தது உதவாததோடு, கெடுதலும் செய்தது.

ஆகவே இன்றைக்கு ஆளைத் தேர்வது முதலில் ஈசிஜி. 2021-ஆம் ஆண்டு ஐரோப்பிய இதயவியல் சங்க வழிகாட்டலும் அப்படித்தான் சொல்கிறது: மருந்து எடுத்தும் மூச்சுத் திணறல் உள்ளவர், இஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ், இதயத் தாளம் ஒழுங்கு, எல்பிபிபி, அகலம் 150 மில்லிசெக்கன் அல்லது அதற்கு மேல் என்றால் உறுதியான பரிந்துரை. 130 முதல் 149 வரை என்றால் யோசித்து வைக்கலாம். 130-க்குக் கீழ் இந்தக் காரணத்துக்காக வைக்கக் கூடாது. உங்கள் ஈசிஜித் தாளில் ஒரு சின்னப் பெட்டி 40 மில்லிசெக்கன். 150 என்றால் நான்கு பெட்டிக்குக் கொஞ்சம் குறைவு. சும்மா எண்ணிப் பார்க்கலாம், முடிவை மட்டும் நீங்களே எடுக்காதீர்கள்.

அப்படியென்றால் எக்கோ எடுப்பது வீண் வேலையா?

அப்படிச் சொன்னால் என் சம்பளம் என்னாவது. ஈசிஜி செய்ய முடியாத வேலை எக்கோவுக்கு நிறைய உண்டு.

முதலாவது அந்த 35. இஎஃப் இல்லாமல் பேச்சே தொடங்காது. இரண்டாவது, பலவீனத்துக்குத் திருத்தக்கூடிய வேறு காரணம் இருக்கிறதா என்பது. மகாதமனி வால்வு இறுகிக் கல்லாகிப் போயிருந்தால் அதைக் கவனிக்காமல் பேஸ்மேக்கர் வைத்து என்ன பயன்? மூன்றாவது, தழும்பு. பழைய மாரடைப்பில் செத்த தசை எக்கோவில் மெலிந்து, வெளுத்து, அசையாமல் தெரியும். அங்கே வயரை வைத்தால் மின்சாரம் பரவாது, உப்பு வயலில் விதைத்த மாதிரி. நான்காவது, வலப்பக்க இதயத்தின் பலமும் நுரையீரல் பக்கத்து அழுத்தமும். வலப்பக்கமும் தளர்ந்துபோன ஆளுக்குக் கருவியால் வரும் பலன் குறையலாம், அதை முன்பே தெரிந்து வைப்பது நல்லது.

நான் மேலே சொன்ன வெட்டும் ஊஞ்சலும் இருக்கின்றனவே, அவையும் கழிவில்லை. ஈசிஜியில் தகுதியானவரிடம் அவையும் தெரிந்தால், இவருக்குப் பலிக்கும் என்ற நம்பிக்கை கூடும். தெரியவில்லை என்பதற்காகத் தகுதியானவருக்கு மறுப்பதில்லை. எக்கோவைத் தரகர் சொல்லாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

வயர் வைக்கும்போது எக்கோவைப் பார்த்துக்கொண்டா வைப்பார்கள்?

இல்லை, எக்ஸ்ரே திரையைப் பார்த்துத்தான். தோள்பட்டைக்குக் கீழே மரக்கச் செய்து, நாளத்துக்குள் சாயம் செலுத்திக் கிளைகளைப் பார்த்து, பொருத்தமான கிளையில் மூன்றாவது வயரை இறக்குவார்கள். எக்கோ முன்பே சொல்லிவைக்கும்: எந்தச் சுவர் மிகப் பிந்திச் சுருங்குகிறது, எங்கே தழும்பு. 2012-இல் வெளியான டார்கெட் ஆய்வில் 220 பேரில் ஒரு பாதிக்கு, தசையின் புள்ளிகளைப் பின்தொடர்ந்து அளக்கும் எக்கோ முறையால் மிகப் பிந்தும் இடத்தைக் கண்டு அங்கே வயரைக் குறிவைத்தார்கள். அவர்களில் 70 வீதம் பேருக்கு இதயம் சுருங்கித் தேறியது, வழக்கப்படி வைத்தவர்களில் 55 வீதம் பேருக்கு. ஆனால் நாளம் அங்கே போக வேண்டுமே. எக்கோ கைகாட்டும் இடத்தில் கிளை இல்லாவிட்டால் கிடைத்த கிளையில்தான் வைக்கலாம்.

உடனே வைக்காமல் மூன்று மாதம் குளிசை போடச் சொல்கிறார்கள். இழுத்தடிக்கிறார்களா?

இல்லை. இன்றைய மருந்துகளே பலருக்கு இஎஃப்பை 35-க்கு மேல் தூக்கிவிடுகின்றன. பிசோப்ரோலோல் அல்லது கார்வெடிலோல், எனலாப்ரில் வகை அல்லது அதன் புதிய உறவு, ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று நான்கு கூட்டம். கடைசிக் குளிசையைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சீனி வருத்தம் இல்லையே, இது ஏன்?" என்று கேட்பார்கள். சீனிக்கு வந்த மருந்துதான், இதயப் பலவீனத்துக்கும் நல்லது என்று பிறகு தெரிந்தது. அதை நிறுத்திவிட்டு வராதீர்கள். குறைந்தது மூன்று மாதம் சரியான அளவில் எடுத்து, பிறகு எடுக்கும் எக்கோதான் கணக்கு.

எக்கோவில் கதிர்வீச்சு இருக்கா? திரும்பத் திரும்ப எடுத்தால் கெடுதலா?

கதிர் இல்லை, ஒலி. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் எடுத்துப் பார்த்த கருவி, கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தது. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ வேறு, அதற்குத்தான் பட்டினி.

உம்மாவைக் கூட்டி வர வேண்டும். மார்பைத் திறக்க வேண்டுமா? ஆண்தான் எடுப்பாரா?

இடது மார்புக்குக் கீழேயும் பக்கத்திலும் கருவியை வைத்தாக வேண்டும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் துணியால் மூடியபடி தேவையான இடத்தை மட்டும் விலக்கி எடுக்கலாம், அப்படித்தான் எடுக்க வேண்டும். பெண் எடுப்பாரா, இல்லாவிட்டால் ஒரு மிஸ்ஸியோ மகளோ உள்ளே நிற்கலாமா என்று திகதி எடுக்கும்போதே கேளுங்கள். முன்னால் திறக்கும் சட்டை நல்லது. கூச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டால் படம் மங்கும், படம் மங்கினால் இஎஃப் பிழைக்கும், ஆகவே இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை.

கருவி வைத்த பிறகும் எக்கோவா?

ஓம், இரண்டு காரணத்துக்கு. வைத்த நாட்களில் நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால், வயர் குத்தி இதயத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அது அரிது, ஆனால் வந்தால் நிமிடக் கணக்கு.

அடுத்தது பலன் பார்ப்பது. ஆறு மாதம் கழித்து, சுருங்கி முடிந்த நேரத்தில் இடது இதயவறையில் மிஞ்சும் இரத்தத்தின் அளவு 15 வீதமாவது குறைந்திருந்தால் இதயம் கருவிக்கு இசைந்திருக்கிறது என்போம். வால்வுக் கசிவும் குறைந்திருக்கும். நோயாளர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: "இப்ப ஒரு தலையணை போதும்." எனக்கு அந்த அளவும் பிடிக்கும்.

எக்கோவைப் பார்த்துக் கருவியை 'டியூன்' பண்ணலாம் என்கிறார்களே?

பண்ணலாம். மேலறை சுருங்கிய பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துக் கீழறைகளைத் தூண்டுவது என்பது கருவியில் மாற்றக்கூடிய எண். எக்கோவில் மைட்ரல் வால்வு வழியாக இரத்தம் வருவது இரண்டு மலைமுகடு மாதிரித் தெரியும். முதலாவது இதயவறை தானாக நிரம்புவது, இரண்டாவது சோணையறை தள்ளுவது. பொறுக்கும் நேரம் கூடினால் இரண்டு முகடும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். குறைந்தால் இரண்டாவது முகட்டின் வால் வெட்டுப்படும். இரண்டும் பிரிந்து, இரண்டாவது முழுதாக முடிகிற இடம்தான் சரியான இடம். கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டி, சல்லரிக்காரர் முந்துகிறாரா பிந்துகிறாரா என்று காது கொடுப்பாரே, அந்த வேலைதான்.

எல்லாருக்கும் இதைச் செய்ய வேண்டுமா? வேண்டாம். 2010-இல் ஸ்மார்ட்-ஏவி ஆய்வில் 980 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எக்கோ பார்த்து, ஒரு பகுதிக்குக் கருவியின் சொந்தக் கணக்குப்படி, ஒரு பகுதிக்கு எதுவும் பார்க்காமல் 120 மில்லிசெக்கன் என்று வைத்தார்கள். ஆறு மாதத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதனால் இப்போது பெரும்பாலும் பொது அளவில் விட்டுவிட்டு, தேறாத ஆளுக்கு மட்டும் எக்கோ வைத்துப் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு வைத்து எட்டு மாதம். முன்னேற்றமே இல்லை. ஏமாந்துவிட்டோமா?

முதலில் கருவியைச் சோதிக்கச் சொல்லுங்கள், எக்கோ பிறகு. எத்தனை வீதத் துடிப்புகளைக் கருவி உண்மையாகவே இரண்டு பக்கமும் தூண்டியது என்று அதற்குள் பதிவு இருக்கும். 98 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 85 என்றால் கருவி இருந்தும் இல்லாத கணக்கு. மேலறை தாறுமாறாகத் துடிப்பது, இடையிடையே வரும் மேலதிகத் துடிப்பு, இவை அந்த வீதத்தைத் தின்னும். அதற்கு மருந்தோ வேறு சிகிச்சையோ உண்டு.

அப்புறம் வயர் நகர்ந்ததா என்று எக்ஸ்ரே. பிறகு எக்கோவில் நேர அளவு. இரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத கேள்வி: குளிசை ஒழுங்காகப் போகிறதா? "அதுதான் மெஷின் வைச்சாச்சே" என்று குளிசையை நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறேன். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் பழையபடி சோற்றோடு போகின்றன. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையில்லை, தண்ணீர். காலையில் சிறுநீர் கழித்த பிறகு தினமும் நிறை பாருங்கள், கூடினால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

சிலருக்கு எல்லாம் சரியாக இருந்தும் பலிக்காது. பெரிய தழும்புள்ள இதயத்தில் அப்படி நடப்பது கூடுதல். ஆனால் தேறாததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். வழக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்த நோய் அதே இடத்தில் நின்றாலும் கருவி வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

எனக்கு ஏற்கெனவே இரண்டு வயர் பேஸ்மேக்கர் இருக்கு. இப்போ மூச்சு வாங்குது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். வலது இதயவறையிலிருந்து மட்டும் எப்போதும் தூண்டினால் அதுவும் ஒருவகை எல்பிபிபிதான். வலப்பக்கம் முந்தி, இடப்பக்கம் பிந்தும். எல்லாருக்கும் வராது, ஆனால் சிலரின் இதயம் இதனால் வருடக்கணக்கில் தளரும். பேஸ்மேக்கர் வைத்தவருக்குப் புதிதாக மூச்சுத் திணறல் வந்தால் எக்கோ எடுத்துப் பழைய இஎஃப்போடு ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் மூன்றாவது வயரைச் சேர்க்கலாம். இப்போது இதயத்தின் சொந்த மின்கிளைக்கே வயரைக் கொண்டுபோய், நடுச்சுவருக்குள் திருகி வைக்கும் முறையும் பரவி வருகிறது. அங்கே வயர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எக்கோ நன்றாக உதவும்.

'டி' போட்டது, 'பி' போட்டது என்கிறார்களே?

சிஆர்டியில் இரண்டு வகை உண்டு. பி தாளம் சேர்ப்பது மட்டும். டி அதோடு, உயிராபத்தான வேகத் துடிப்பு வந்தால் உள்ளிருந்தே ஷொக் கொடுக்கும். எது என்பது வயது, மாரடைப்பு வரலாறு, மற்ற நோய்களைப் பொறுத்தது.

வயல் வேலை செய்யலாமா? யானை வேலி, போன், வெல்டிங்?

முதல் நான்கு தொடக்கம் ஆறு கிழமைக்கு, கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், பாரம் தூக்காதீர்கள். நெல் மூட்டை பற்றிப் பேச்சே இல்லை. அதற்காகக் கையை உடம்போடு கட்டிவைத்துத் தோள் இறுகிப்போனவர்களும் உண்டு, மெல்ல அசையுங்கள்.

போனைச் சட்டைப்பையில் கருவிக்கு மேல் வைக்காதீர்கள், 15 சென்ரிமீற்றராவது தள்ளி, மறுகாதில் பேசுங்கள். அம்பாறைப் பக்கத்து யானை வேலியில் யாருமே கைவைக்கக் கூடாது, நீங்கள் இன்னும் தள்ளி நில்லுங்கள். தவறிப் பட்டு மயக்கம் வந்தால் கருவியைச் சோதிக்க வேண்டும். வெல்டிங், அரிசி ஆலை மோட்டார் வேலைக்குத் திரும்ப முன் கிளினிக்கில் கேளுங்கள், டி வைத்தவர்கள் கட்டாயம்.

நோன்பு பிடிக்கலாமா? தீமிதிக்கலாமா?

இரண்டிலும் பிரச்சினை கருவி இல்லை, இதயம். நோன்பென்றால் தண்ணீர் போகும் குளிசையின் நேரத்தையும் மற்ற மருந்துகளையும் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று ரமழானுக்கு முன்னமே டொக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு முடியும், சிலருக்கு வேண்டாம் என்பார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் போன்ற இடங்களில் தீமிதிக்கிறவர்கள் நோன்பிருந்து, வெயிலில் நின்று, குளிசையையும் தவறவிடுகிறார்கள். இஎஃப் 30-ஓடு நெருப்பைவிட அந்த வெயில்தான் எனக்குப் பயம்.

கொழும்புக்கு அனுப்புகிறார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்?

எல்லா எக்கோ ரிப்போர்ட்டும், முக்கியமாக முதலாவது. ஈசிஜித் தாளின் மூலப் பிரதி. கறுத்துப்போகும் தாள் என்றால் போனில் படமெடுத்து வையுங்கள். குளிசைகளைப் பெட்டியோடு எடுத்துப் போங்கள், "வெள்ளைக் குளிசை ஒன்று" என்றால் அங்கே யாருக்கும் விளங்காது. இரவு ரயிலில் படுக்க முடியாதவர் அதை முன்பே சொல்லுங்கள். மூச்சு முட்டும் நிலையில் இவ்வளவு தூரம் போவதைவிட, இங்கே வாட்டில் தண்ணீரை இறக்கிவிட்டுப் போவது நல்லது.

பெற்றரி எவ்வளவு காலம்? அப்புறம்?

எவ்வளவு தூண்டுகிறது என்பதைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், வயர்கள் நன்றாக இருந்தால் அப்படியே விடுவார்கள். அதற்கு முன் இன்னொரு எக்கோ எடுப்பார்கள்.

கேட்கக் கூடாததுதான். ஆள் இறந்தால் கருவியை எடுக்க வேண்டுமா?

கேட்கலாம், இது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தகனம் செய்வதென்றால் கட்டாயம் எடுக்க வேண்டும், சூட்டில் பெற்றரி வெடிக்கும். வைத்தியசாலையில் இறந்தால் வாட்டில் சொல்லுங்கள், வீட்டில் என்றால் உடலை எடுக்க முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடக்கம் செய்வதென்றால் அந்த ஆபத்து இல்லை. டி வகை என்றால் ஷொக்கை முதலில் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவரின் கைக்கு அடிக்கும். கருவி அட்டையை அடையாள அட்டையோடு வைத்திருங்கள், எந்த வகை என்று அதில் இருக்கும்.